ஆர்.சி.யில் இருக்கும் பேர்

"சாவி எங்க?" என்று கேட்டான் கணவன்.

"போலீஸ் ஸ்டேஷன்ல. வண்டியும் அங்கதான்" என்றாள் மனைவி. மருந்துப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். சத்தம் போடுவது அவனுக்குப் பழக்கம்தான். விஷயம் என்னவென்று தெரிந்துகொண்டு போடுவதுதான் பழக்கமில்லை.

"கவனமில்லாம ஓட்டியிருப்ப."

"நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன். உங்க பேர்தான் மாட்டிக்கிச்சு."

அவள் நர்ஸ். எட்டு மாத ஒப்பந்தத்தில் பக்கத்து மாநிலத்துக்கு வந்து, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண் கழுவிக் கட்டுப் போட்டு வந்தாள். கார் இல்லையென்றால் வேலை இல்லை. தையல்காரனான அவனும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தான்.

தற்காலிக வேலைக்கு வருகிறவர்கள் சொந்த மாநிலத்து நம்பரோடேயே ஓட்டலாம் என்று இங்கே சலுகை உண்டு. ஒரே நிபந்தனை, வண்டி வேலை பார்ப்பவர் பேரில் இருக்க வேண்டும்.

கடனைக் கட்டி முடித்தது அவள் சம்பளம். ஓட்டுவதும் அவள்தான். ஆனால் ஆர்.சி.யில் இருந்தது அவன் பேர்; அதைப் பார்த்துத்தான் போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டது. கிளட்ச் எது, பிரேக் எது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. வண்டி வாங்கிய அன்று, "வீட்ல ஆம்பள இருக்கறப்ப பொம்பள பேர்ல எழுதினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று ஷோரூமில் கேட்டவனும் அவன்தான். அந்த நாலு பேர் யாரென்று அவனுக்கே தெரியாது. இன்று வண்டியை மீட்க ஒருத்தரும் வரப்போவதில்லை.

மறுநாள் காலை இருவரும் வாகன அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள்.

"ஓனர் யாரு?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"நான்தாங்க." சொந்தக்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப் பழகிய வார்த்தை, இங்கே வெளியே வரவே கூச்சப்பட்டது.

"லைசென்ஸ்?"

"இல்லைங்க. ஓட்டத் தெரியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனே அந்த இடத்தில் நின்றிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பான்.

"வேலை மேடத்துக்கு, வண்டி உங்களுக்கு. அப்ப சலுகை கிடையாது. இந்த மாநிலத்து நம்பருக்கு மாத்துங்க, இல்லன்னா மேடம் பேருக்கு எழுதிக் குடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினாள்.

வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு இந்த மாநிலத்து நம்பர் எதற்கு? பேரையே மாற்றிவிடலாம் என்று இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் விற்பனை, அன்பளிப்பு, வாரிசுரிமை, வேறு என்று நாலு கட்டங்கள். அவன் பேனா தாராள மனசோடு அன்பளிப்பின் பக்கம் போனது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் வண்டிய எனக்கே அன்பளிப்பா குடுக்கறீங்களா?"

"சரி, விற்பனைன்னு போடறேன்."

"ஒரே வண்டிய நான் ரெண்டு தடவை வாங்கணுமா?"

"வாரிசுன்னு போட்டா நான் போய்ச் சேரணுமே."

"அதுக்கு இப்ப அவசரம் இல்ல."

அவன் மூன்று கட்டங்களையும் தாண்டிப் பேனாவை நகர்த்தினான். பிறகு வேறு என்ற கட்டத்தில் குறியிட்டு, கோணல் எழுத்தில் எழுதினான்: முதலிலேயே பேர் தப்பாக எழுதப்பட்டுவிட்டது.

கவுண்டர் பெண் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "வண்டி வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. தப்புன்னு எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து சாயங்காலம்" என்றான் அவன்.

"எனக்கு ஏழு வருஷமாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட மனைவி பேனாவை வாங்கிக்கொண்டாள்.