சாவி அம்மணி கையில்

மூளைக் காய்ச்சல் இறங்கி மாதக்கணக்காகியும் டாக்சி சாவி டிரைவர் கைக்கு வரவில்லை. படுக்கையில் கிடந்தபோது சொந்த மருமகனைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு?" என்று கேட்டுத் தொலைத்தார் மனிதர். அன்றைக்கு மனைவி எடுத்து ஒளித்துவைத்ததுதான். வைத்தியரே பூரண குணம் என்று சொல்லியும் அம்மணி மசியவில்லை.

"இந்த ஊரு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அவர் வாய் ஓயாமல் சொல்லப்போக, "அப்ப காட்டுங்க பாப்போம்" என்று இருவருக்கும் ஒரு நடைக்குப் பதிவு செய்துவிட்டாள். வெளியூர்க்காரர்களுக்குப் பழைய நகரத்தைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு அது. வழிகாட்டிப் பெண் வாயைத் திறப்பதற்குள், அடுத்து என்ன வரும் என்று இவர் சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னால் சாவி அவர் கைக்கு, தடுமாறினால் வண்டியை விற்றுவிடுவது என்று பந்தயம். சொந்த ஊரைக் காட்ட இன்னொருத்தியா என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் கிளம்பினார்.

ஆரம்பத்தில் ஜமாய்த்தார். "இப்ப தபாலாபீஸ். ஒட்டினாப்புல மணிக்கூண்டு" என்று மனைவியின் காதில் சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மணிக்கூண்டின் உச்சியில் ஒரு கல் ஆந்தை இருப்பதை வழிகாட்டி காட்டியபோதுதான் கொஞ்சம் சுருதி இறங்கியது.

"நான் சிக்னலைப் பாப்பேனா, ஆந்தையைப் பாப்பேனா?" என்று முணுமுணுத்தார்.

பிறகு அந்தப் பெண் ஆள் மட்டும் நுழையக்கூடிய ஒரு சந்துக்குள் புகுந்து, எல்லாரையும் வேறொரு தெருவில் கொண்டுபோய் விட்டாள்.

"இது எந்தத் தெருங்க?" என்றாள் மனைவி.

செங்கல் சுவர், அதில் துருப்பிடித்த இரும்புப் படிக்கட்டு, நீல ஜன்னல்கள். எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

"தெரியலைம்மா."

அவள் முகம் வெளிறிப்போய், கைப்பைக்குள் கையை விட்டு எதையோ பிடித்துக்கொண்டாள்.

"இதுதான் பாங்க் தெரு. ஊர்ல தெரியாத ஆளே இருக்க மாட்டாங்க" என்றாள் வழிகாட்டி.

பாங்க் தெருவா! தினமும் சவாரி போன தெருவாயிற்றே! எல்லாம் போய்விட்டது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அந்நேரம் எதிரே ஒரு கார் வந்து அவர்களைத் தாண்டிப் போனது. பழக்கதோஷம், டிரைவர் அது போகிற திசையில் திரும்பிப் பார்த்தார். செருப்புக்கடை, மருந்துக்கடையின் பச்சைப் பலகை, சாய்ந்த விளக்குக்கம்பம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"அடியே, இது ஒன்வே!" என்று கத்தியேவிட்டார். "அந்த முனையில இருந்துதான் வண்டிய விட முடியும். இந்தப் பக்கமா நான் என்னிக்கு வந்தேன்?"

"சமாளிக்காதீங்க. அந்த வளைவுக்கு அப்பால என்ன இருக்கு?"

அவர் கண்ணை மூடினார். "ஒரு வேகத்தடை. பெயின்ட் கிடையாது பாவிங்களுக்கு. மெதுவா ஏறலைன்னா பின்சீட்டு ஆளுக்கு மண்டை வீங்கிடும்."

வளைவு தாண்டியதும் அம்மணிக்கு அதில்தான் கால் தடுக்கியது.

விழாமல் டிரைவர் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் பைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். உள்ளே இருந்தது டாக்சி சாவி.

"கூடவே கொண்டுவந்தியா?"

"பின்னே? நீங்க ஜெயிக்கணும்னுதானே கூட்டிட்டு வந்தேன்."

சாவியை அவர் வாங்கிக்கொண்டார். அவள் உள்ளங்கையில் அதன் பல் வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது.