எழுபது கிலோமீட்டர்

தொண்ணூற்றாறில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கஜபதியின் சின்னப் பட்டறையில் ஒரு பேட்டரி ஆட்டோ உருவானது. பெட்ரோல் வேண்டாம், புகையும் வராது. ஒரே சார்ஜில் எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று நம்பினார் அவர். ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு ஃபிட்டர் அருள்தாஸுக்கு.

சோதனை நாளில் கரையான்சாவடியில் வண்டி நின்றுவிட்டது. மீட்டரில் நாற்பத்தாறு. அருள்தாஸ் அங்கே கடை வைத்திருந்த தன் மைத்துனனிடம் கேட்டு, மத்தியானம் முழுக்க சார்ஜ் ஏற்றினான். மிச்சத்தையும் ஓட்டி முடித்துத் திரும்பினான். வாசலிலேயே காத்திருந்த கஜபதியின் முகத்தைப் பார்த்ததும், "எழுபது ஓடிச்சு சார், எங்கயும் நிக்கல" என்றான். அவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முதல் வண்டியை அயனம்பாக்கம் துலுக்கானம் வாங்கினார். இருபது வருஷ ஆட்டோ புகையில் நெஞ்சு கெட்டுப்போன மனிதர்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு வெயிலில் ஏரிக்கரையில் அவரைப் பார்த்தான் அருள்தாஸ். அவர் மூச்சிரைக்க, சார்ஜ் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி வனஜா. அவனும் ஓடிப்போய்க் கை கொடுத்தான்.

"வண்டி மேல தப்பு இல்ல அண்ணாத்தே. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. நீ எழுபது ஓட்டிக் காட்டினியே!" என்றார் துலுக்கானம்.

"இதுக்குத் தெனம் தன்னத்தானே திட்டிகினு கீறாரு" என்றாள் வனஜா.

 அருள்தாஸ் வண்டியை வீடு வரை தள்ளிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டான்.

மறுநாள் கஜபதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். 

"அன்னிக்கே சொல்லியிருந்தா பெரிய பேட்டரி போட்டிருப்பேனேடா. நீ எனக்கு நல்லது பண்ணதா நெனச்சியா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அன்று சாயங்காலமே அயனம்பாக்கம் போய்த் துலுக்கானத்திடமும் சொன்னான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான் மட்டி இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபமே இல்லை. அருள்தாஸ் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

பட்டறையில் பெரிய பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி இப்போது நிற்காமல் ஓடியது. அருள்தாஸ் ஷிப்ட் முடிந்து வரும்போது துலுக்கானம் சில நாள் வண்டியை ஓரங்கட்டி, "ஏறு அண்ணாத்தே, அந்தப் பக்கந்தான் போறேன்" என்பார்.

"இல்லண்ணே, பஸ் வந்துடும்" என்பான் அருள்தாஸ். அந்த வழியில் அந்நேரத்தில் பஸ்ஸே கிடையாது.