நாற்பத்தோரு நிமிடம்

எங்கள் வரைபட அலுவலகத்தின் பெரிய கணினிக்கு மெமரியை எட்டு மடங்காக்கியது என் மச்சினன். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நான். இரண்டே வாரத்தில் கணினி மூன்று முறை நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவனுடைய ஒப்பந்தம் ரத்து என்றார் மேலாளர். எனக்கும் ஆத்திரம். மட்டமான சரக்கை மாட்டிவிட்டான் என்று வீட்டில் கத்தினேன். அவன் அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

கணினி விழும்போது, மெமரியில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதிவைக்கும். அதைப் படித்தால் குற்றவாளி தெரிந்துவிடும். மூன்று முறையும் அந்தக் கோப்பு அரைகுறையாகவே கிடந்தது. மச்சினன் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், நீலத்திரை வந்தப்புறம் எவ்வளவு நேரம் விட்டு வச்சீங்க?"

"அஞ்சு நிமிஷம். எப்பவும் அவ்வளவுதான ஆகும்? அப்புறம் பட்டனை அமுக்கி அணைச்சிட்டேன்."

"அது பழைய கணக்கு. இப்ப எட்டு மடங்கு எழுதணுமில்ல."

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்று என் மனைவி என்னைச் சொல்வது வழக்கம். சாட்சியை மூன்று முறையும் நானே கழுத்தை நெரித்திருக்கிறேன்.

வியாழன் காலை நான்காவது முறை விழுந்தது. திரையில் பன்னிரண்டு சதவீதம் என்று ஒட்டிக்கொண்டு நின்றது. தொலைபேசி ஓயவில்லை. சர்வேயர் ஒருவர் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார். கைகளைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோராவது நிமிடத்தில் கோப்பு முழுதாக முடிந்தது.

மச்சினன் திறந்து பார்த்தான். மெமரியில் ஒரு குறையும் இல்லை. மெமரி கூடிய அதே நாளில் காப்புநகல் எடுக்கும் மென்பொருள் ஒன்றும் ஏறியிருந்தது. பழைய பதிப்பு; இவ்வளவு மெமரியைக் கண்டதில்லை, எழுதக்கூடாத இடத்தில் போய் எழுதியிருக்கிறது. அதை ஏற்றியது நான். அவனுக்கும் அது தெரியும்.

மேலாளர் வந்து யார் தப்பு என்று கேட்டார்.

"மென்பொருள் கோளாறு சார்," என்றான் மச்சினன், என் பக்கம் திரும்பாமல்.

வெட்கமாக இருந்தது.

"அதைப் போட்டது நான்தான் சார்," என்றேன்.

அவர் போனதும் வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. நான் வைக்கவும் இல்லை.