வானமாமலைக்கு வீசிய ருமால்

தப்ரேஸின் முழங்கால் போன அன்றே மாட்டுங்கா மெயில் ரசிகர்களின் தூக்கமும் போயிற்று. மெயில் என்றால் ரயில் அல்ல, மும்பையில் ஒரு கூடைப்பந்து அணி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த நாலைந்து பேர் எந்தக் காலத்திலோ தொடங்கியது. இப்போது ஆடுகிற ஒருவருக்கும் ரயில்வேயோடு சம்பந்தம் கிடையாது, காலையில் லோக்கலில் தொங்கிக்கொண்டு போவதைத் தவிர. லீக் பட்டியலில் எப்போதும் நடுவில் கிடக்கும். மேலேயும் ஏறாது, விழுந்தும் தொலையாது. ஜெயிக்கிற அணிக்கு எவனும் கைதட்டுவான், தோற்கிற அணிக்குத் தட்டுகிறவன்தான் ரசிகன் என்று இவர்கள் சொல்லிக்கொள்வார்கள். வேறு என்னத்தைச் சொல்வது?

தப்ரேஸ்தான் அணியின் சென்டர். கூடைக்கு அடியில் மலைமாதிரி நிற்கிற ஆள். அவனுக்குப் பதிலாகக் கமிட்டி யாரைக் கொண்டுவரப் போகிறது என்று ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் அடிதடி நடந்தது. புனேயிலிருந்து ஒருவன் வருகிறான், மாநில அணிக்கு ஆடியவன் என்றார்கள். நாக்பூர் ஆள் கையெழுத்தே போட்டுவிட்டான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டி படத்தைப் போட்டது. பாண்டுப்பில் ஏதோ ஒரு சின்ன அணியில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்தவன். பெயர் வானமாமலை. ஒட்டடைக்குச்சி உடம்பு, இடுப்புவரைகூட எட்டாத பனியன், போட்டோ எடுக்கிறவனைப் பார்த்துப் பயந்த முழி.

படம் குழுவுக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் கலைச்செல்விக்காகக் காத்திருந்தார்கள்.

கலைச்செல்வி தாராவிக்காரி. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிசப்ஷன் வேலை. காலை ஏழிலிருந்து ‘சாப்பிடாம வந்திருக்கீங்களா’ என்று சிரித்த முகத்தோடு கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலிக்கும். எரிந்து விழுகிறவர்களிடமும் ‘சார்’ போட வேண்டும். அந்த வாய்க்கு விடுதலை இந்தக் குழுவில்தான். அவள் ஒரு வரி போட்டால் நாற்பது பேர் சிரிப்பார்கள். மறுநாளுக்குள் அது லீக் முழுக்கப் பரவியிருக்கும். வீட்டிலும் வேலையிலும் கிடைக்காத மரியாதை அது, அதனால் அவளுக்கு அது சோற்றைவிட ருசியாக இருந்தது.

அவள் எழுதினாள்: “சென்டர் கேட்டோம், கமிட்டி லைட்டுக் கம்பம் நட்டிருக்கு. அதுவும் கரண்ட் கனெக்‌ஷன் இல்லாம.”

குழு உருண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததையும் போட்டாள். அதுதான் ருமால் விஷயம்.

மெயில் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரணி ஆள் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறும்போது, கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று ருமாலை, அதாவது கைக்குட்டையை, வீசும். பிளாட்பாரத்தில் ரயிலேற்றிவிட வந்தவர்கள் டாட்டா காட்டுகிற மாதிரி. யாராவது ஒருவர் ரயில் கார்டு மாதிரி விசில் ஊதுவார். போய்த் தொலை என்று அர்த்தம். லீகில் ஆடுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சொந்த அணிக்காரனுக்கு ருமால் காட்டியதில்லை, அன்றுவரை.

“ஞாயித்துக்கிழமை இவன் உள்ள காலை வைக்கும்போதே ருமால் காட்டுவோம். வந்த வண்டியிலேயே திரும்பிப் போகட்டும். கமிட்டிக்கு அப்பதான் உறைக்கும்” என்று எழுதினாள்.

குழுவில் தப்ரேஸும் இருந்தான். காலில் கட்டோடு வீட்டில் கிடந்தவன், “பாவம், முதல்ல ஆடட்டுமே” என்று போட்டான். “நீ உன் முட்டியைப் பாத்துக்கோ பாய்” என்று கலைச்செல்வி அவன் வாயையும் அடைத்தாள். அதற்கும் சிரித்தார்கள். குழுவின் அட்மின் வந்தனா, அரே, இந்த வருஷத்திலேயே நல்ல யோசனை இதுதான் என்று பாராட்டி, மாட்டுங்கா மார்க்கெட்டில் வெள்ளைக் கைக்குட்டையாகவே பார்த்து வாங்கிவந்தாள். ருமால் மறந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க.

ஞாயிறு சாயங்காலம் மைதானத்தின் சிமெண்டுப் படிகள் நிறைந்துவிட்டன. கலைச்செல்வி வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, போனில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். வைத்ததும் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“தமிழா தாயி? நல்லதாப் போச்சு. இங்கன உக்காரலாமா?”

பச்சைச் சேலை கட்டிய அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு துணிப்பை. கலைச்செல்வி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“இதுல எந்தப் பக்கம் நம்ம பக்கம்?”

“நீலம் நம்ம டீம். பாக்க வந்திருக்கீங்களா ஆன்ட்டி?”

“எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாதும்மா. நான் முலுண்டுல ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங். ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு லீவே கிடையாது. இன்னைக்கு ஒருத்தி கால்ல விழாத குறையா டியூட்டி மாத்திட்டு வாரேன். எம் மவன் இந்த டீமுல சேந்திருக்கான்லா? சின்னப்புள்ளையிலேருந்து ஆடுதான், நான் ஒரு நாளும் பாத்ததில்ல. பெரிய டீமு, அம்மா நீ வரணும்னான்.”

“பேரு?” என்று கேட்டாள் கலைச்செல்வி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“வானமாமலை. அவன் தாத்தா பேரு. அன்னா, ஓரத்துல உக்காந்திருக்கான் பாரு.”

பெஞ்சின் கடைசியில் அவன் உட்கார்ந்திருந்தான். அதே எட்டாத பனியன். அம்மா கையைத் தூக்கியதைக் கவனிக்கவில்லை. அவனுக்கும் அந்தப்பக்கம், தனியாக ஒரு நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு தப்ரேஸ் உட்கார்ந்திருந்தான்.

கலைச்செல்வி, வீசக் கொண்டுவந்த கைக்குட்டையை மடியில் போட்டாள். ருமாலைத் தடுக்க அப்போதும் நேரம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்கி இரண்டு கால்பகுதி முடிகிறவரை அவன் பெஞ்சைவிட்டு எழவில்லை. அவ்வளவு நேரமும் போன் அவள் கையில்தான் இருந்தது. ‘ருமால் வேண்டாம், அவன் அம்மா வந்திருக்காங்க’ என்று அடித்தாள். மேல்படியில் வந்தனா ஒவ்வொருவராகக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். இதை அனுப்பினால் என்ன சொல்வார்கள்? கலைக்கே வாய் அடைத்துவிட்டதா என்பார்கள். தான் கிளப்பிவிட்டதைத் தானே அடக்குவதா? ஒருவேளை அவனை இறக்கவே மாட்டார்கள். இறக்காவிட்டால் பிரச்சினையே இல்லையே. அடித்ததை அழித்தாள்.

பார்வதியம்மாள் இதற்குள் தன் பெயர், ஊர், புருஷன் போன கதை எல்லாம் சொல்லி முடித்திருந்தாள். நடுநடுவே, “அவனை எப்பம்மா விடுவாவ?” என்று கேட்டாள். “விடுவாங்க ஆன்ட்டி” என்றாள் கலைச்செல்வி. விடக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கால்பகுதியில் ஆடிக்கொண்டிருந்த சென்டருக்கு நாலாவது ஃபவுல் விழுந்தது. கோச் திரும்பி பெஞ்சின் கடைசியைப் பார்த்துக் கையசைத்தார். வானமாமலை எழுந்து, பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்கோர் மேசைக்கு வந்து நின்றான்.

மேல்படியில் யாரோ கார்டு விசில் ஊதினார்கள். கூட்டம் எழுந்தது. வெள்ளை வெள்ளையாகக் கைக்குட்டைகள் ஆடின. ‘டாட்டா! டாட்டா!’ என்று சிலர் ராகம் போட்டார்கள். கலைச்செல்வி எழவில்லை. எழாமல் இருந்ததையே பெரிய நல்ல காரியமாக அந்தக் கணத்தில் நினைத்தாள். இப்போது நினைத்தால் அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

“என்னம்மா இது? எதுக்கு எல்லாரும் கர்ச்சீப்ப வீசுதாவ?”

அம்மாளின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எந்த நாக்கு வரும்? அவள் நாக்குக்குத்தான் நாற்பது பேர் சிரித்தார்கள். “புதுசா வர்றவங்களுக்கு நாங்க இப்படித்தான் ஆன்ட்டி...” என்று இழுத்து, “மரியாதை” என்று முடித்தாள்.

“எம் புள்ளைக்கா!”

கலைச்செல்வியின் மடியில் கிடந்த கைக்குட்டையைப் பார்வதியம்மாள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. மரியாதை செய்ய யாரைக் கேட்க வேண்டும்? எழுந்து நின்று, தலைக்கு மேலே கையை உயர்த்தி, தோள் குலுங்க வீசினாள். கண்ணில் தண்ணீர். “ஏ வானு! வானு!”

அவன் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வரவேற்பு கிடைக்கும் என்று தெரிந்தே வந்தவன் மாதிரி. அம்மா குரல் கேட்டு நிமிர்ந்தான். டாட்டா காட்டுகிற கூட்டத்துக்கு நடுவில், எல்லோரையும்விடப் பலமாகத் தன் அம்மா ருமால் வீசுவதைப் பார்த்தான். நடுவர் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது கையைத் தூக்கி அம்மாவைப் பார்த்து அசைத்தான். சிரிக்கவும் செய்தான். சிரித்துவிட்டு உள்ளே போனான்.

கலைச்செல்விக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் வாங்கிவருவதாகச் சொல்லி எழுந்து மேல்படிக்கு ஓடினாள். வந்தனாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள். வந்தனாவின் கை அப்படியே கீழே வந்தது. “நீ முன்னாடியே ஏன் சொல்லல?” என்று இந்தியில் கேட்டாள். கலைச்செல்வி தண்ணீர் பாட்டிலோடு தன் இடத்துக்குத் திரும்பினாள். விஷயம் படி படியாக இறங்கியது. கைக்குட்டைகள் சட்டைப் பைகளுக்குள் போயின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் விழுந்து விழுந்து சிரித்தவர்கள் ரொம்ப அக்கறையாக ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வானமாமலை பிரமாதமாக ஒன்றும் ஆடிவிடவில்லை. முதலில் வந்த பந்தைக் கைநழுவ விட்டான். பிறகு கூடைக்கு அடியில் எதிரணியின் தடியனோடு மல்லுக்கட்டி, இடி வாங்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றான். ஒரு கூடை போட்டான், இரண்டு ஃபவுல் வாங்கினான். தப்ரேஸாக இருந்தால் இதைவிட நன்றாக ஆடியிருப்பான், அவ்வளவுதான். பார்வதியம்மாள் மட்டும் அவன் ஓடும்போதெல்லாம் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கால்பகுதியின் பாதியில் கோச் அவனை வெளியே கூப்பிட்டார். பார்வதியம்மாள் ஆசையோடு எழுந்து கைக்குட்டையைத் தூக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் எழவில்லை. தூக்கிய கை தோளோடு நின்றது.

“ஏம்மா, இப்ப ஒருத்தரும் வீசலியே? அவன் சரியா ஆடலியோ?”

கலைச்செல்வி எழுந்தாள். கையில் துணி இல்லை, துப்பட்டாவை உருவி எடுத்து வீசினாள். “நல்லா ஆடினான் ஆன்ட்டி, நல்லா ஆடினான்” என்று சொல்லிக்கொண்டே வீசினாள். அவளைப் பார்த்து வந்தனா எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக. விசில் இல்லை, டாட்டா இல்லை. துக்கவீட்டுக்கு வந்தவர்கள்போல் வாய்பேசாமல் நின்று ருமால் வீசினார்கள். கீழே நாற்காலியில் இருந்த தப்ரேஸ் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் கேலிதான் என்று நினைத்தானோ என்னவோ, கலைச்செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மெயில் வழக்கம்போல் தோற்றது. கூட்டம் சீக்கிரமே கலைந்தது. பார்வதியம்மாள் கலைச்செல்வியின் கையை விடவில்லை. “அவனைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தாயி” என்று இழுத்துக்கொண்டு கீழே போனாள். வானமாமலை பையோடு நின்றிருந்தான். முழங்கையில் சிராய்த்திருந்தது. அம்மாள் அதைப் பார்த்ததும் பதறி, துணியை நனைத்துவருகிறேன் என்று குழாயைத் தேடிப் போனாள்.

இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். கலைச்செல்விக்கு ‘தம்பி’ என்று மட்டும் வந்தது.

“நீங்கதான கலை அக்கா?” என்றான் அவன். கோபம் இல்லை குரலில். இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “போன வருஷம் பாண்டுப் டீமுல ஆடும்போதே எனக்கு ஒரு தடவ ருமால் காட்டினீங்க. அன்னைக்கு அஞ்சு ஃபவுல் வாங்கிட்டேன். அது சரிதான்.”

அவள் துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லுவாங்க, எம் மவனுக்கு எழுந்து நின்னு மரியாத பண்ணினாங்கன்னு.” பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டான். “அடுத்த ஞாயிறு அவங்களுக்கு டியூட்டி. வர முடியாது. அவங்க இல்லாத அன்னைக்கு மட்டும் ருமால் வேண்டாங்கக்கா.”

ஈரத்துணியோடு பார்வதியம்மாள் வந்துவிட்டாள். “என்னடே, அக்கா என்ன சொல்லுதா?”

“நல்லா ஆடினேன்னு சொல்றாங்கம்மா.”

“நல்ல மனசு தாயி உனக்கு” என்று அம்மாள் நனைந்த கையால் கலைச்செல்வியின் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கை விலகுகிறவரை கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திறந்தால் அவன் எதிரே நிற்பான்.