பணிமூப்பு அறியாத இன்ஜின்

நீர்ப் பரிசோதனை நிலையத்தின் மினிவேன் நான்கு சிலிண்டர் வண்டிதான். ஆனால் கடந்த மழைக்காலம் தொட்டு அது மூன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேடு வந்துவிட்டால், விக்கலோடு சொற்பொழிவாற்ற எழுந்தவரைப்போல உதறும். காரணம் டிரைவருக்குத் தெரியும். ஸ்பார்க் ப்ளக் ஒயர்கள் நான்கும் இன்ஜின் சூட்டில் வெந்து, தோல் வெடித்துக் கிடந்தன. ப்ளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் பாதி வழியிலேயே வெளியே குதித்து இரும்பில் இறங்கிவிடுகிறது. ஒயர்களை மாற்றினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலைக்காக ஐந்து மாதமாக ஒரு கோப்பு மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தது.

ஒயர் கெட்டதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். டிரைவர் அவரை இருண்ட கொட்டகைக்கு அழைத்துப்போய், இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்களின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டினார். வெடிப்புகளிலிருந்து நீலப் பொறிகள் சடசடவென்று பாய்ந்தன. கண்காணிப்பாளர் இரண்டடி பின்வாங்கினார், மெய்சிலிர்த்தார், மேசைக்குத் திரும்பி எழுதினார்: 'மேற்படி சோதனைக்குப் பயன்படுத்தப்பட்ட நீர், இந்நிலையத்தில் முறைப்படி பரிசோதிக்கப்பட்டதா?' அதற்குப் பதில் எழுதி வாங்க ஏழு வாரம் ஆயிற்று.

பிறகு தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வருவார். தானாகக் கிளம்பி முற்றத்தை மூன்று முறை சுற்றிவராத வண்டி கழித்துக்கட்டப்படும். வண்டியோடு ஓட்டுநர் பணியிடமும் போகும். ஓட்டுநராக இருந்தவர் ஆவண அறைக்கு அனுப்பப்பட்டுக் கோப்புகளுக்கு நாடா கட்டுவார்.

டிரைவர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். பதினான்கு வருடமாக ஆறு, குளம், குழாயடி என்று மாதிரி பாட்டில்களோடு சுற்றியவர். ஜன்னலில்லாத அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே அவருக்கு மூச்சு முட்டும். லிஃப்டில்கூட ஏறமாட்டார்.

கடிதம் வந்த வேகத்தில் புதிய ஒயர்களும் பண்டக அறைக்கு வந்து சேர்ந்தன. பண்டகக் காப்பாளர் டிரைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இது உதவியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் நான்கு வருடத்துக்கு முன்பு, தங்கை புருஷனுக்கு ஒரு துடைப்புத்துணி அதிகமாகக் கொடுத்தார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் ஊருக்கெல்லாம் ஒரு மடங்கு விதி பேசினால் டிரைவருக்கு மட்டும் இரண்டு மடங்கு பேசினார்.

புதன்கிழமை காலை டிரைவர் பண்டக அறைக் கம்பிக்கதவின்முன் போய் நின்றார்.

"மச்சான், அந்த ஒயர் செட்டக் குடுங்க. ஒண்ணக் கழட்டி ஒண்ண மாட்டிட்டு, பழச அப்பப்பக் கொண்டுவந்து தந்துடறேன்."

"இங்க மச்சானும் கிடையாது, கிச்சானும் கிடையாது. பழசு நாலும் உள்ள வந்தாத்தான் புதுசு நாலும் வெளிய போகும்."

"நாலையும் ஒண்ணாக் கழட்டினா எது எங்க போகும்னு குழம்பிடும். யாருமே அப்படிக் கழட்ட மாட்டாங்க."

"குழம்பாமக் கழட்டுங்க, டிரைவர். அதுக்குத்தானே சம்பளம்."

ஒயர் ஒவ்வொன்றும், மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு குழியிலிருந்து கிளம்பி, தனக்குரிய சிலிண்டருக்குப் போகவேண்டும். பழைய மூடி உடைந்து, எண் எதுவும் பொறிக்காத மூடியொன்று அங்கே பொருத்தப்பட்டிருந்தது. பரிசோதனைக்கூடம் என்பதால் கைபேசிகள் வாயிற்காவலரின் பெட்டியில் தூங்கின; படமெடுக்கவும் வழியில்லை. டிரைவர் ஒரு சாக்பீஸ் வாங்கிவந்து, நான்கு குழிகளுக்குப் பக்கத்திலும் நான்கு எண்களை எழுதிவிட்டு, நான்கு ஒயர்களையும் உருவிக்கொண்டு போய்க் கொடுத்தார். காப்பாளர் அவற்றைத் தனித்தனியே அளந்து, எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து முடிக்கையில் மணி ஐந்து.

"புதுச நாளைக்குக் காலைல ஒம்பதரைக்கு வந்து வாங்கிக்குங்க."

அன்று மாலை காப்பாளர் வழக்கம்போலத் தங்கை வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதுமே அவருக்கு விதிகளும் கழன்றுவிடும். "மாப்ள, உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?" என்று டிரைவரை அவருடைய வீட்டிலேயே உபசரித்தார்.

தங்கை தம்ளரை ணங்கென்று வைத்தாள். "ஏண்ணா, பழசக் குடுத்தாத்தான் புதுசு குடுப்பியாமே? என்னை இவருக்குக் கட்டிக்குடுத்தியே, அப்ப இவர்கிட்டேருந்து எதை வாங்கி வச்சுக்கிட்ட?"

"அது ஆபீஸ் நேரத்துல நடக்கலையே, தங்கச்சி."

"நாளைக்கு வண்டி கிளம்பலேன்னா உனக்கு இங்க டீயும் கிளம்பாது. சொல்லிட்டேன்."

அண்ணன் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஒயர்களை வாங்கிக்கொண்டு வந்து பானெட்டைத் தூக்கிய டிரைவருக்குக் கண் கூசியது. இன்ஜின் பளபளவென்று மின்னியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி புதுமணப்பெண்ணின் முகம்போல மாசு மருவில்லாமல் இருந்தது. எண்களைக் காணோம்.

கண்காணிப்பாளர் கைகளைப் பின்னால் கட்டியபடி வந்தார். "யாரோ கண்ட எடத்துல கிறுக்கி வச்சிருந்தாங்கப்பா. ஆய்வாளர் பாத்தா என்ன நினைப்பார்? விடியக்காலையிலேயே ஆளைவிட்டு நல்லாத் துடைக்கச் சொல்லிட்டேன்."

டிரைவர் வெறும் மூடியைத் தொட்டுக் காட்டினார். "சார், அது கிறுக்கல் இல்ல சார். நாலு ஒயருக்கும் அதுதான் விலாசம்."

"அதனால என்ன? நாலு ஒயர், நாலு குழி. மாட்டிவிடு."

"தப்பா மாட்டினா வெடிக்கும் சார். போட்டுப் போட்டுப் பாக்கலாம்னா பேட்டரி பழசு. ரெண்டு தடவை சுத்தினா மூணாவது தடவைக்கு மூச்சு வராது. இது ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுங்கிற முறைல எரியற இன்ஜின். அது தெரியும். ஒண்ணாம் நம்பர் குழி எதுன்னுதான் தெரியல."

கண்காணிப்பாளரின் நெற்றி சுருங்கியது. முப்பது வருடப் பணியில் இப்படியொரு முறைகேட்டை அவர் கேள்விப்பட்டதில்லை. "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டா? நாலாமவர் எப்படிப்பா ரெண்டாமவருக்கு முன்னால போவார்? நாளைக்கு ரெண்டாமவர் மனு குடுத்தா யார் பதில் சொல்றது?"

"இன்ஜினுக்கு சீனியாரிட்டி கிடையாது சார். முறைதான் உண்டு."

"முறைன்னாலே சீனியாரிட்டிதாம்ப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு மாட்டு. வேணும்னா எழுத்துலயே தர்றேன்."

எழுத்திலேயே தந்தார். முத்திரையும் வைத்தார். முத்திரை வைத்த தாளுக்கு எதிராக டிரைவரிடம் இருந்தது பதினான்கு வருட அனுபவம் மட்டுமே. அதில் முத்திரை ஏதும் இல்லை. மாட்டினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு முறை செருமியது. பிறகு புகைக்குழாய் வழியே 'டமார்' என்று ஒரே வெடி. சரியாக அந்த நேரத்தில் வாயிலுக்குள் நுழைந்த ஆய்வாளர், கையிலிருந்த கோப்பைக் கேடயமாக்கிக் குனிந்தார்.

"பதினொண்ணுக்கு வந்து பாக்கறேன்," என்றார் நிமிர்ந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு. "அப்பவும் இதே கதைதான்னா எழுதிடுவேன்." கண்காணிப்பாளர் அவரைத் தம் அறைக்கு அழைத்துப்போனார்.

மணி பத்து இருபது. பேட்டரியில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு முயற்சி. டிரைவர் பண்டக அறைக்கு ஓடினார்.

"மச்சான், ப்ளக் ஸ்பேனர் வேணும். பெரிய ஸ்பேனர் ஒண்ணும் வேணும்."

"கோரிக்கைப் படிவம்?"

"எழுத நேரமில்ல. ஆளும் ஒண்ணு வேணும். இன்ஜின நான் கையால திருப்பணும், ஒண்ணாவது சிலிண்டர் ஓட்டையில ஒருத்தர் கட்டைவிரல வச்சு அழுத்திப் பாக்கணும். எப்ப காத்து விரலத் தள்ளுதோ அப்ப அதோட முறை. அந்த நேரத்துல டிஸ்ட்ரிபியூட்டர் முள்ளு எந்தக் குழியப் பாக்குதோ அதான் ஒண்ணாம் நம்பர்."

"ஆளுக்கு நான் எங்க போறது?"

"நீங்கதான் மச்சான்."

காப்பாளர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். வெளிச்செல்வோர் பதிவேட்டைப் பார்த்தார். அதில் எழுதாமல் அவர் இதுவரை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்ததில்லை. எழுதுவதென்றால் காரணம் எழுதவேண்டும். 'கட்டைவிரல் வைக்க' என்று எந்த மனிதன் எழுதுவான்? மொட்டைக் கடிதக்காரன் இந்த நிமிடமே எங்கோ பேனா மூடியைத் திறப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"நான் ஏதாவது செஞ்சா சொந்தக்காரனுக்குச் செஞ்சேன்னுதான் சொல்வாங்க," என்றார்.

"செய்யலேன்னா நான் ஆவண அறைக்குப் போயிடுவேன். உங்க அறைக்கு நேர் எதிர் அறை. காலைல ஒம்பது மணிலேருந்து சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் நீங்க என் மூஞ்சியப் பாக்கணும். அஞ்சு மணிக்கு மேல உங்க தங்கச்சி மூஞ்சியப் பாக்கணும்."

காப்பாளர் எழுந்தார். கம்பிக்கதவைப் பூட்டினார். பதிவேட்டைக் கடந்தபோது மட்டும், கோயில் வாசலைக் கும்பிடாமல் தாண்டுகிறவனைப்போல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

டிரைவர் வண்டிச்சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு முதல் ப்ளக்கைக் கழற்றினார். காப்பாளர் தம் வெள்ளைச் சட்டையின் கையை மடித்து, கண்ணை இறுக மூடி, பாம்புப் புற்றுக்குள் கைவிடுகிறவர்போலக் கட்டைவிரலை ஓட்டையில் வைத்தார். டிரைவர் பெரிய ஸ்பேனரால் இன்ஜினின் அடியிலிருந்த பெல்ட் சக்கரத்தை மெல்லத் திருப்பினார்.

"எதாவது தெரியுதா?"

"உள்ள இழுக்குது."

"அது வேற. இன்னும் கொஞ்சம்."

திருப்பினார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. மேலே கண்காணிப்பாளர் அறையில் பீங்கான் கோப்பைகள் உரசும் ஒலி கேட்டது.

"மாப்ள!" காப்பாளர் முற்றமே அதிரக் கத்தினார். "தள்ளுது! காத்து தள்ளுது மாப்ள! விரல் நிக்கமாட்டேங்குது!"

பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல்களெல்லாம் தலைகளாயின. டிரைவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே முள் காட்டிய திசையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். சக்கரத்தை மேலும் சிறிது நகர்த்தி முள் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று உறுதிசெய்துகொண்டார். கழற்றிய ப்ளக்கைத் திரும்ப முடுக்கி, மூடியைப் பொருத்தினார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு; ஒவ்வொரு ஒயரும் குழிக்குள் 'கிளிக்' என்று உட்கார்ந்தது. யாரும் மனு கொடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் பாதுகாப்பான தூரத்தில் வந்து நின்றார். டிரைவர் சாவியைத் திருப்பினார். பேட்டரி முனகியது, இழுத்தது, இன்னொரு தரம் இழுத்தபோது ஏறக்குறைய நின்றேவிட்டது. காப்பாளர் கிரீஸ் படிந்து கறுத்த கைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். இன்ஜின் பற்றியது. முதலில் ஒரு குலுக்கல். பிறகு நான்கு சிலிண்டர்களும் ஒரே சீராக முழங்கின. டிரைவர் முற்றத்தை மூன்று முறை சுற்றினார். நான்காவது முறையும் சுற்றினார். அதை யாரும் கேட்கவில்லை.

"வேலை எந்த உத்தரவுப்படி நடந்தது?" என்றார் ஆய்வாளர்.

"என்னோட எழுத்துபூர்வமான உத்தரவுப்படி," என்றார் கண்காணிப்பாளர், கொஞ்சமும் கூசாமல். ஆய்வாளர் எழுதிக்கொண்டார்: வண்டி நீடிக்கலாம், பணியிடமும் நீடிக்கலாம்.

அரை மணிக்குள் சுற்றறிக்கை தயாரானது. இனி ப்ளக் ஒயர் மாற்றும்போதெல்லாம் பண்டகக் காப்பாளர் தம் வலக்கைக் கட்டைவிரலுடன் நேரில் ஆஜராகவேண்டும். அவர் விடுப்பிலிருந்தால், அடுத்த பணிமூப்புடையவரின் கட்டைவிரல் பயன்படுத்தப்படும்.

அதை எடுத்துக்கொண்டு காப்பாளரே முற்றத்துக்கு வந்தார். டிரைவர் பாட்டில் பெட்டிகளை ஏற்றிவிட்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணியிலிருந்து அவர் இன்ஜினை அணைக்கவே இல்லை.

"கையெழுத்துப் போடுங்க, டிரைவர்," என்றார் காப்பாளர். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒரு சந்தேகம். இதுப்படிப் பாத்தா என் விரல் இப்ப நிலையத்துச் சாமான் ஆயிடுச்சே. இருப்புப் பதிவேட்டுல ஏத்திடட்டுமா?"

டிரைவர் தாளை ஸ்டியரிங்கின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டியரிங் அதிராமல் இருந்ததால் கையெழுத்து நேராக வந்தது.

"சாயங்காலம் உங்க தங்கச்சியக் கேட்டுட்டு ஏத்துங்க மச்சான்," என்று தாளை நீட்டிவிட்டு, கியரைப் போட்டார்.