ராக்கெட் தளத்துக்கு நானூறு ஜோடி

எனக்கு வாய் நீளம் என்பது ஆம்பூர் பஜாரிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை எல்லோருக்கும் தெரியும். அதை நான் மறுக்கப்போவதில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்த வாய் செய்த வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் முதலாளி ரஷீத் அஹமது சாப்பின் கையுறைக் கம்பெனியில் சோதனை அறையில் இருந்தேன். வெல்டிங்காரர்களும் உலையில் நிற்பவர்களும் போட்டுக்கொள்ளும் தடித்த தோல் கையுறைகள் தைக்கிற கம்பெனி. இருநூறு பேர் வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். சரக்கில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போகும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டு தோலை வெட்டுவேன். அதைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவேன். மூன்று நிமிஷம் கொதிநீரில் போட்டு, எடுத்து, அதே கோட்டின்மேல் வைப்பேன். கோடு வரைக்கும் நிறைந்து நின்றால் பாஸ், சுருங்கினால் ஃபெயில். பாஸான சரக்குக்கு அமிர்தவள்ளி என்று கையெழுத்துப் போடுவேன். இவ்வளவுதான் என் உத்தியோகம்.

குரோம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரில் அசையாது. பட்டைச் சாற்றில் பதனிட்டது செருப்புக்கு ராஜா, சூட்டுக்கு ஆகாது. அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பதினெட்டு வயதில் சூட்டுத்தகடு மெஷினில் நின்றபோது, பட்டைத்தோல் கையுறை ஒன்று என் இடது கையைக் கவ்விக்கொண்டு சுருங்கியது. கழற்ற முடியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்தார்கள். இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. செலவெல்லாம் சாப்தான் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைச் சோதனை அறையில் உட்கார வைத்ததும் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் அன்றைக்குக் கோபமும் இரண்டு மடங்காக வந்தது.

நம் நாட்டு ராக்கெட் ஒன்று செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கடற்கரையிலிருந்த ஒரு ராக்கெட் தளத்திலிருந்து எங்களுக்கு நானூறு ஜோடிக்கு ஆர்டர் வந்தது. எரிபொருள் வார்க்கிற இடத்தில் சூடான அச்சுகளைத் தூக்கி வைப்பவர்களுக்கான கையுறை. சாப் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரமே எங்கள் சரக்கை வாங்கும் அமெரிக்கக் கம்பெனியின் மெட்ராஸ் ஏஜெண்ட் சாமுவேல் ஒரு காகிதத்தோடு வந்து இறங்கினார். அதில் சில இடங்களின் பெயர்கள். அங்கெல்லாம் நாங்கள் எதையும் விற்கக் கூடாது, விற்றால் அமெரிக்க ஆர்டர் ரத்து. பட்டியலில் அந்த ராக்கெட் தளமும் இருந்தது.

"இன்னிக்கு மழைய பாக்கற சேட்டிலைட்டும்பாங்க சாப். நாளைக்கு அதே ராக்கெட் மேல குண்டு வெப்பாங்க. அமெரிக்காகாரனுக்கு அந்த பயம்," என்றார் சாமுவேல். பிறகு வழியையும் அவரே சொல்லிக் கொடுத்தார். குரோம் தோல் எல்லாம் அமெரிக்க ஆர்டருக்கு ஒதுக்கியது, அதைத் தொட வேண்டாம். பட்டைத்தோலில் தைத்து, வெட்டிய ஓரம் குரோம் மாதிரி நீலமாகத் தெரியச் சாயம் தடவி, கம்பெனி முத்திரை இல்லாமல் அனுப்பிவிட்டால் அவர் கண்டுகொள்ள மாட்டாராம். இரண்டு பேரையும் திருப்திப்படுத்தியாயிற்று. பட்டியல் விஷயம் அன்றைக்கே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது, இந்தச் சாய வழி மட்டும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சாப்புக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். இருநூறு வீட்டு அடுப்பு அந்த அமெரிக்க ஆர்டரில்தான் எரிந்தது. கடைசியில் தலையாட்டிவிட்டார்.

சரக்கை எடுத்துப்போக ராக்கெட் தளத்து அதிகாரி நந்தகோபால் ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. சாப்பின் சிநேகிதர் என்ற வேஷத்தில் சாமுவேலும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு சோதனைச் சான்றை நீட்டினார்கள். பாஸ் என்று முன்கூட்டியே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"நான் இத டெஸ்ட் பண்ணவே இல்லியே சாப்," என்றேன்.

"நேரமில்லமா. போட்டுடு," என்றார் சாப். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேஜைமேல் இருந்த கட்டிலிருந்து ஒரு கையுறையை உருவி, ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நீலம் உதிர்ந்து உள்ளே பழுப்பு தெரிந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"மூணு நிமிஷம் ஆவும் சார். அதுக்குள்ள டீ குடிங்க," என்று நந்தகோபாலிடம் சொல்லிவிட்டுச் சோதனை அறைக்குப் போனேன். மின்சார அடுப்பையும் கொதிக்கிற பாத்திரத்தையும் தூக்கிவந்து அந்த மேஜைமேலேயே வைத்தேன். கட்டைவிரல் பகுதியை வெட்டினேன், வரைந்தேன், போட்டேன். சாமுவேல் சாப்பின் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

எடுத்துக் கோட்டின்மேல் வைத்தபோது அது பாதிதான் இருந்தது. நந்தகோபால் பேனாவை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இத போட்டுக்கினு சூடான அச்சப் புடிச்சா கை உள்ளயே மாட்டிக்கும் சார். மாட்டினா எப்டி இருக்கும்னு பாத்துக்கோங்க," என்று என் இடது கையை நீட்டினேன்.

"உனுக்கு இதுல இருக்கற அரசியல் தெரியாது," என்றார் சாமுவேல். "உலக நாடுங்க விஷயம். பேஜார் பண்ணாத."

"தெரியும் சார். மாசாமாசம் உங்க சரக்குக்கு நான்தான் சான்று எழுதறேன். மேல அச்சடிச்சிருக்கறத படிக்காமயா எழுதறேன்? பாதி சரக்கு அவங்க ராணுவத்து ராக்கெட் கிடங்குக்குப் போவுது. நாங்க தெச்ச கிளவுஸப் போட்டுக்கினு அவங்க குண்டு ராக்கெட் செய்வாங்க. நம்ம ஆளுங்க மழை பாக்கற ராக்கெட் செஞ்சா கை வேவணுமா?"

சாமுவேலுக்கு முகம் கறுத்துவிட்டது. நந்தகோபால் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்களும் நெஜத்தச் சொல்லுங்க சார். உங்க ராக்கெட்டு குண்டு தூக்குமா, தூக்காதா?"

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "தூக்கற சக்தி இருந்தா எதையும் தூக்கும்மா. மேல என்ன வெக்கறதுன்னு டெல்லில முடிவு பண்ணுவாங்க. வார்க்கற ஆளைக் கேக்க மாட்டாங்க," என்றார்.

அன்றைக்கு அந்த அறையில் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அதுதான். நான் சாப் பக்கம் திரும்பினேன்.

"விக்க மாட்டேன்னா இவருகிட்ட நேரா சொல்லிடுங்க சாப், அது உங்க இஷ்டம். வித்தா நல்லத வித்துடுங்க. ரெண்டும் இல்லாத இந்த மூணாவதுக்கு என் பேரு வராது. வேலைய விட்டு அனுப்பினாலும் வராது."

சாப் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்று, "பத்து நாள் டைம் குடுங்க சார். குரோம்ல தெச்சுத் தர்றேன். எங்க முத்திரையோட," என்றார் நந்தகோபாலிடம்.

பத்தாம் நாள் நானூறு ஜோடியும் போயின. பதினைந்தாம் நாள் அமெரிக்க ஆர்டர் நின்றது. எழுபது பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் என் தோஸ்த் பில்கிஸும் ஒருத்தி. "உன் வாயால என் புள்ளைங்க பட்டினி," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரி பகலாக அது என்னை அரித்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் வயிற்றுக்காக யாரோ முன்பின் தெரியாதவன் கையை வேகவிடலாம் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. பதினான்கு மாதம் கழித்து அமெரிக்காகாரர்களே திரும்பி வந்தார்கள். அந்த விலைக்கு அந்தத் தோல் வேறெங்கும் கிடைக்கவில்லையாம். பட்டியல் என்ன ஆயிற்று என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பில்கிஸ் மறுபடி வேலைக்கு வந்தாள். என்னோடு பேச மட்டும் இன்னொரு வருஷம் ஆயிற்று.

எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் ஒரிசாக் கடற்கரையிலிருந்து நம் ஏவுகணை கிளம்பியது. அந்தச் செயற்கைக்கோள் ராக்கெட்டின் அடிப்பகுதியைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. மறுநாளே சாமுவேல் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் சோதனை அறைக்கு வந்துவிட்டார். ஏழு வருஷம் காத்திருந்தவர் அல்லவா.

"நான் அன்னிக்கே சாப்கிட்ட சொன்னேன். நீ கையெழுத்துப் போட்ட கிளவுஸ மாட்டின கைதான் இதையும் செஞ்சிருக்கு. இப்ப இன்னா சொல்ற?"

எனக்குச் சுருக்கென்றது. பத்திரிகையில் அந்த ஏவுகணைப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. டெல்லிமேல் கோபம், ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தவர்கள்மேல் கோபம். ஆனால் இந்த ஆள் முன்னால் தலைகுனிய நான் தயாராக இல்லை.

"செஞ்சிருக்கும் சார்," என்றேன். "அந்தக் கை வெந்திருந்தா மட்டும் ராக்கெட்டு நின்னிருக்குமா? வெந்தவன ஊட்டுக்கு அனுப்பிட்டு, அந்த எடத்துல இன்னொருத்தன நிக்க வெச்சிருப்பாங்க."

சாமுவேல் பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.