வான்கூவருக்குப் பதினைந்து மணி நேரம்

நாடி விமான நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கணவர் தேவேந்திரா மறுபடியும் விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும் லீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் தீவின் மறுகோடியில் சொந்த ஊரான நகாசியிலிருந்து கிளம்பியதிலிருந்து இதே கணக்குதான். வழியில் துப்பாக்கிக்காரர்கள் காரை மறித்த மூன்று இடத்திலும் அவள் சாமியைக் கூப்பிட்டாள். இவர் மணியைப் பார்த்தார்.

"ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஹொனலுலுவுல இறங்கி ஏறி, பதினஞ்சு மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்கு ஏறினா நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு. விசா இன்னையோட முடியுது. போய் இறங்கினதும் திருப்பி அனுப்பிடுவான். வா, வீட்டுக்குப் போவோம்."

எந்த வீட்டுக்கு? விற்று நாலு நாள் ஆயிற்று. மே மாதம் ஆட்சியைக் கவிழ்த்தபோது பக்கத்துக் கடை எரிந்ததே, அன்றைக்குக் கனடா கனடா என்று ஆலாய்ப் பறந்தவர் இவர்தானே! விசாவும் இவர் பேரில்தான். இவர் போய் இறங்காமல் அவளும் மகள் அஷ்னிதாவும் அங்கே கால் வைக்க முடியாது. பதினாறு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இனி எந்தத் தெருவில் போய் நிற்பது?

விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனாள். ஷானல் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் சிரித்தாள்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டிப் போறீங்க, ஒரு நாள் பின்னால போயிடும். நீங்க இறங்கும்போது அங்க இன்னும் இதே வெள்ளிக்கிழமை, பதினாலாம் தேதிதான். சாயங்காலம் அஞ்சு மணி."

லீலாவதிக்குப் போன உயிர் வந்தது. ஓடி வந்து சொன்னாள். அஷ்னிதா கைதட்டினாள். தேவேந்திரா மட்டும் நிமிரவில்லை. ஆச்சரியப்படக்கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைநகர் சுவாவின் துறைமுக ஆபீசில் இருபது வருஷம் கப்பல் வந்துபோகும் தேதி எழுதின மனுஷராச்சே! எந்த ஊரில் என்ன நாள், என்ன மணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாரே!

மகளுக்குப் புரியக்கூடாத பேச்சென்றால் இருவரும் இந்தியை விட்டுத் தமிழுக்குத் தாவுவார்கள். கோயில் போக மீதித் தமிழ் அதற்குத்தான் பயன்பட்டது.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"எங்களையே ஏமாத்தப் பார்த்தீங்களா?" ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"பயமா இருக்கு லீலா. துறைமுகத்துல என்னைத் தெரியாத ஆள் கிடையாது. அம்பத்திரண்டு வயசுல அங்க போய் எவன்கிட்ட வேலை கேட்டு நிப்பேன்?"

"எனக்கு மட்டும் பயமில்லையா? பயந்துக்கிட்டேதான் வரேன். எழுந்திருங்க."

"என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அஷ்னிதா.

"அப்பாவுக்குக் கால் மரத்துப்போச்சாம்" என்று இந்தியில் சொன்னாள் லீலாவதி.

தேவேந்திரா மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து போய் மூன்று பாஸ்போர்ட்டையும் கவுண்டரில் வைத்தார்.

"ஜன்னல் சீட் வேணுமா அங்கிள்?" என்றாள் ஷானல்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"வேணாம்னு சொல்லு. ஊர் விளக்கைப் பார்த்தேன்னா இறங்கிடுவேன்."